பாணேர் மாநாட்டில் கேட்ட கேள்வி

வியாழன், பிற்பகல் 1.20. முந்தைய நாள் காலை திருப்பூரில் ஏறிய ரயில் என்னைப் புனே நிலையத்தில் இறக்கிவிட்டபோது இருபத்தைந்து நிமிடம் தாமதம். ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் வந்திருந்தேன். நான் தண்ணீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் தர மேலாளர். பாணேர் பகுதியில் ஒரு ஓட்டலில் நடக்கும் இரண்டு நாள் மாநாட்டுக்குத்தான் இந்தப் பயணம். ஆய்வகத்துக்கு ஒரு மாதிரி வந்து சேர்ந்ததிலிருந்து அறிக்கை கையெழுத்தாகும் வரை எல்லாவற்றையும் கணினியில் பதியும் மென்பொருள்கள் பற்றிய மாநாடு. அதில் எனக்கும் இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

நிலையத்திலிருந்து பாணேருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 230 ரூபாய், பயண நேரம் ஐம்பது நிமிடம். என் வேலையைப் பற்றி விசாரித்த ஓட்டுநர், நான் சொன்ன அரைகுறை இந்தியைக் கேட்டுச் சிரித்தார். "எங்க குடியிருப்பு சொசைட்டிக்கு டேங்கர் தண்ணிதான் வருது. முதல்ல அதைச் சோதிச்சுப் பாருங்க சாப்" என்றார். பணம் வாங்கும்போது மறுபடியும் அதையே சொன்னார். வேடிக்கைக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

வெள்ளி, காலை 9.30. கூடத்தில் முந்நூறு நாற்காலிகள். பாதிக்கு மேல் ஆட்கள். வெளியே இரு வரிசைகளில் மென்பொருள் நிறுவனங்களின் கடைகள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி பெரிய திரை, ஒரே மாதிரி பேனா. அன்று பேசியவர்களில் நான்கு பேர் தங்கள் மென்பொருள் வந்தபிறகு மனிதத் தவறுக்கு இடமே இல்லை என்றார்கள். பகல் உணவில் பருப்பு, பன்னீர், கடைசியாக ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பு. ஸ்ரீகண்டை இரண்டு முறை வாங்கிக்கொண்டேன்.

சனி, காலை 11.40. என் முறை. பதிவேட்டிலிருந்து கணினிக்கு நாங்கள் எப்படி மாறினோம் என்பது தலைப்பு. புறப்படும் முன்பே முதலாளி திரையில் காட்டவிருந்த என் படங்களைப் பார்த்து, ஏன் மாறினோம் என்று சொல்லும் ஒன்றை எடுத்துவிடச் சொல்லியிருந்தார். எடுத்துவிட்டேன். மிச்சம் இருந்ததை ஒழுங்காகப் பேசி முடித்தேன். நேரம் மிச்சமாகிறது, காகிதம் மிச்சமாகிறது என்றேன்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். "எல்லாம் சரி சார். ஆனா ஏன் மாறினீங்க? என்ன நடந்துச்சு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

செலவைக் குறைக்க என்று சொல்லி அமர்ந்திருக்கலாம். அந்த வாக்கியம் வாய்வரை வந்தது. அவள் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

ஒரு பள்ளிக்கூடத்தின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் சோதனைக்கு வந்தது. அதன் எண் 217. புட்டியிலிருந்து பதிவேட்டுக்கு எழுதியபோது 271 என்று எழுதிவிட்டேன். வேறொருவரின் நல்ல தண்ணீருக்கான அறிக்கை பள்ளிக்குப் போயிற்று. கழிவுநீர்க் கிருமி இருந்த தண்ணீரைப் பிள்ளைகள் பதினொரு நாள் குடித்தார்கள். சிலருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. தண்ணீரால்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தவறு தெரிந்ததும் தலைமையாசிரியைக்குத் தொலைபேசியில் சொன்னேன். அதன்பிறகுதான் மென்பொருள் வந்தது.

முன்வரிசையில் ஒருவர், "எழுதினது யாரு? டெக்னீஷியனா?" என்றார்.

"நான்தான்" என்றேன். நன்றி சொல்லி இறங்கினேன். கை தட்டலாமா என்று தெரியாமல் சிலர் தட்டினார்கள்.

பகல் 12.30. கேள்வி கேட்ட பெண் வாசலில் காத்திருந்தாள். "அண்ணா, நீங்க தமிழ்தானே? நானும்தான். பேரு ரேவதி. இங்க கட்கில வீடு. அப்பா அங்க மிலிட்டரி ஆர்டனன்ஸ் ஃபேக்டரில இருந்தாரு. ஊரு வேலூர் பக்கம். பேச வரும், படிக்க நஹி" என்று இந்தி கலந்த தமிழில் சொன்னாள். ஓட்டலின் காப்பி வேண்டாம் என்று சாலைக்கு அப்பால் ஒரு டீக்கடைக்கு அழைத்துப்போனாள். அரைக் கோப்பை தேநீர் பத்து ரூபாய். இஞ்சி தூக்கலாக இருந்தது.

"நேராவே கேக்கறேன். ஃபோன் பண்ணப்ப அந்த டீச்சர் என்ன சொன்னாங்க?"

"கத்துனாங்க."

"அப்புறமா மாஃப் பண்ணாங்களா?"

"மன்னிக்கலீங்க. அதோட எங்ககிட்ட தண்ணி அனுப்பறதையே நிறுத்திட்டாங்க."

"ஃபிர், அப்ப எதுக்கு சொன்னீங்க? யாருக்கும் தெரியாதே."

"பதினோரு நாளு பன்னெண்டு நாளாயிடக் கூடாதில்லீங்களா?"

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் தன் கதையைச் சொன்னாள். நிக்டியில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஐந்து நாள் முன்பு, ஒரு காலையில் கருவியின் அளவைச் சரிபார்க்காமலே ஓட்டிவிட்டாள். சர்க்கரையைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. பதினான்கு பேருக்கு அறிக்கை போய்விட்டது. மென்பொருள் எதையும் தடுக்கவில்லை. யார் ஒப்புதல் கொடுத்தது என்பதை மட்டும் அழகாகப் பதிந்து வைத்திருக்கிறது. "என் பேருதான் இருக்குது அண்ணா. லேப் நடத்தற டாக்டருக்கே இன்னும் தெரியாது. வேலை போய்டும்."

"போகாதுங்க" என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

அவள் எழுந்து, நிறுத்தியிருந்த வண்டிகளின் பக்கம் போய்த் தன் டாக்டரை அழைத்தாள். பேச்சு மராத்தியில். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பக்கம் டாக்டர் போட்ட சத்தம் மட்டும் எனக்கே கேட்டது. நான்கு நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"என்ன சொன்னாருங்க?"

"நல்லா திட்னாரு. எல்லாரையும் கூப்பிடு, ஃப்ரீயா மறுபடி பாருன்னாரு. என் விஷயம் மண்டே பேசறாராம்."

அங்கேயே நின்று முதல் ஆளை அழைத்தாள். "சூக் ஜாலி, காகா, மாஜி சூக்" என்றாள். தவறு என்னுடையது என்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. பேசி முடித்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "வெறும் வயித்துல வரணுமான்னு கேக்கறாரு அண்ணா. அவ்ளோதான் கேட்டாரு."

மாலை 6.15. முதலாளி அழைத்தார். யாரோ என் பேச்சைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள்.

"என்ன மூர்த்தி, அது வேண்டாம்னு சொன்னனல்ல?"

"கேட்டாங்க, சொல்லிப்போட்டனுங்க."

"கேட்டா எல்லாத்தையும் சொல்லோணுமா? ஊருக்கு வா, பேசிக்கலாம்."

ஊர் திரும்பியதும் அப்படியே பேசினோம். வேலை போகவில்லை. மாநாடுகளுக்கு இப்போது வேறொருவர் போகிறார்.

ஞாயிறு, மாலை 5.00. ரயிலில் இடம் கிடைக்காததால் சுவார்கேட்டில் பெங்களூருப் பேருந்து ஏறினேன், 1,450 ரூபாய். காத்ரஜ் குகைப்பாதையைக் கடந்தபின் ரேவதியின் குரல் பதிவு வந்தது. "அண்ணா, பதிமூணு பேர் கிடைச்சாங்க. ஒருத்தர் நம்பர் பந்த், ரிங்கே போகல. பிம்ப்ரில வீடு. ஸ்கூட்டில அங்கதான் போய்க்கினு இருக்கேன். சிக்னல்ல நிக்கறேன்." பின்னால் ஹாரன் சத்தம். ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று: "கிடைச்சிட்டாரு. உள்ளயே விடல, வாசல்லயே வெச்சு திட்னாரு. காலைல வரேன்னாரு."

புனேயில் பார்க்கவேண்டியவை என்று யாரும் சொல்லும் எதையும் நான் பார்க்கவில்லை. வெளியே கரும்புக் காடுகள் இருட்டிக்கொண்டிருந்தன. அவள் கட்கியிலிருந்து பிம்ப்ரிக்கு, ஞாயிற்றுக்கிழமை நெரிசலில், திட்டு வாங்குவதற்காக வண்டி ஓட்டிப் போயிருக்கிறாள். எங்கள் ஆய்வகத்திலிருந்து அந்தப் பள்ளிக்கூடம் நான்கு கிலோமீட்டர். நான் தொலைபேசியில்தான் சொன்னேன். நேரில் போகவில்லை என்பதை அந்த மேடையில் சொல்லவும் இல்லை, போயிருக்க வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றவும் இல்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியை மேசையிலிருந்து நிமிர்ந்து, "யாருங்க? எந்தப் பையனோட அப்பா?" என்றார். என் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. பெயரையும் ஆய்வகத்தின் பெயரையும் சொன்னேன். கையிலிருந்த பேனாவை மூடினார். பிறகு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.