துரைக்கு டீசல் பிடிக்குமா?

மட்டாஞ்சேரித் தெருவில் யானை போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சைக்கிளில் வருகிறவர் கொஞ்சம் ஒதுங்கித் தன் வழியே போய்விடுவார். ஆனால் எங்கள் குதிரையைத் தண்ணீர் காட்ட வெளியே கொண்டுவந்தால் போதும், கூட்டம் கூடிவிடும். மிளகு மண்டியில் தரகு பேசிக்கொண்டிருப்பவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் சங்கரன்கோவிலில் இதற்கு நேர் எதிர். கோயில் யானை தெருவில் இறங்கினால் அடுப்பில் உலையை விட்டுவிட்டு ஓடுவோம். குதிரையை ஒருவரும் சட்டை செய்யமாட்டோம். ஊர்க்காரர்கள் இந்த ஊர் எப்படி என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: இங்கே குதிரையே குதிரைக்கொம்பு.

அந்த அருமையை நம்பித்தான் ஐம்பதுகளின் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தோம். என் வீட்டுக்காரர் ஊரில் ரயிலடிக்கு ஜட்கா ஓட்டியவர். பஸ் வந்ததும் சவாரி படுத்துவிட்டது. மட்டாஞ்சேரியில் குஜராத்திச் சேட்டுமார் வீட்டு மாப்பிள்ளைகள் குதிரையில்தான் ஊர்வலம் வருவார்கள், நல்ல வெள்ளைக் குதிரைக்கு அலைகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். உடனே முதலில் துரையை, அப்புறம் என்னை, கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். துரை என்பது குதிரையின் பெயர். வெளுத்த நிறத்துக்காக வைத்தது. சுள்ளிக்கல்லில் எங்களுக்கு ஒரு வாடகை வீடு, மண்டிக்குப் பின்னால் துரைக்கு ஒரு கொட்டகை. வீடு இரண்டில் கொட்டகைதான் ஒழுகாது.

பக்கத்துக் கல்யாணங்களுக்குத் துரை நடந்தே போய்வந்தது. எர்ணாகுளம் தாண்டிப் போன ஒரு தடவை, தார்ச்சாலைச் சூட்டில் காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. மாப்பிள்ளை முகம் சுண்டிப்போயிற்று. அதற்குப் பிறகு ஆலுவாயில் ஆலை வைத்திருந்த ஒரு சேட்டு தன் மகன் கல்யாணத்துக்கு அழைத்தார். "குறை இல்லாத குதிரையா வரணும். நொண்டினா இனிமே எங்க ஆளுங்க யாரும் கூப்பிடமாட்டாங்க" என்றார். இது தவறினால் துரையை விற்றுவிட்டு ஊருக்குத் திரும்பி, இன்னொருவர் வண்டியில் கூலிக்கு உட்கார வேண்டியதுதான். எனக்குத் திரும்ப மனமில்லை. பாஷை பாதி புரிந்தும் பாதி புரியாமலும் இருக்கிற இந்த ஊர் எனக்குப் பிடித்துவிட்டது.

ஆகவே துரையை வண்டியில் ஏற்றிப் போவது என்று முடிவாயிற்று. தோப்பும்படியில் பட்டறை வைத்திருந்த வறீது, மரம் ஏற்றிய பழைய டிரெய்லர் ஒன்றைக் காட்டினார். அதை இழுக்க அவரிடம் இரண்டு ஜீப்புகள் இருந்தன. இரண்டும் பட்டாளம் கழித்துவிட்டவை. ஒன்று பெட்ரோல், மற்றதில் டீசல் இன்ஜினை மாற்றி வைத்திருந்தார். பெட்ரோல் வண்டி பூனை மாதிரி ஓடும். ஆனால் குதிரையையும் சேர்த்து இழுத்தால் சேட்டு தருவதை அதுவே குடித்துவிடும். பெட்ரோலில் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிறவர்களும் உண்டு என்று கேள்விப்பட்டு, அதையும் விசாரித்தார் என் வீட்டுக்காரர். நாற்றத்தில் துரை புல்லே தின்னாது என்று நான் தடுத்துவிட்டேன். மிஞ்சியது டீசல். மலிவு, இழுவையும் உண்டு.

டீசலுக்குச் சரி சொல்லிவரப் போனவர் பேயறைந்த முகத்தோடு திரும்பினார்.

"ஏட்டி, சோலி முடிஞ்சுது. வறீதுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"துரைக்குக் காயடிச்சிருக்குன்னு. டீசல் வேணும்னேன். 'லாபமாணு, பக்ஷே குதிர பேடி'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுதான். லாபந்தானாம், ஆனா குதிரை பேடியாம். சேட்டு காதுக்குப் போனா என்னாகும்?"

சேட்டு கேட்டது சுழிக்குறையாக இருக்கலாம், நொண்டலாக இருக்கலாம். இவருக்கு உறுத்தியது வேறு குறை. ஆனாலும் எனக்கு ஒன்று புரியவில்லை. காயடித்த குதிரைக்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம்? மறுநாள் காலை குழாயடியில் பக்கத்து வீட்டு ரோசிச் சேச்சியிடம் கேட்டேன்.

"சேச்சி, இங்கே பேடின்னா என்ன?"

"பேடியோ? பாம்பினெ கண்டால் எனிக்குப் பேடி. நினக்குப் பேடியில்லே?"

நான் சிரித்த சிரிப்பில் குடம் நழுவியது. ஆண்மையில்லாதவனை, கோழையை நாம் பேடி என்கிறோம். இவர்கள் ஆளை விட்டுவிட்டுப் பயத்தை மட்டும் அந்தச் சொல்லில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். குதிரை பயப்படும் என்பதைத்தான் வறீது 'குதிர பேடிக்கும்' என்று சொல்லியிருக்கிறார்; அந்தச் சொல்லின் வால் இன்ஜின் சத்தத்தில் போய்விட்டது. துரையின் மானம் தப்பியது. ஆனால் வறீது சொன்னது உண்மையாக இருந்தால் எங்கள் பிழைப்பு தப்பாது.

அன்றைக்கே துரையைப் பட்டறைக்கு நடத்திப் போனோம். நானும் கூடவே போனேன். டிரெய்லரில் ஏறும்வரை சாதுவாகத்தான் இருந்தது. வறீது டீசல் ஜீப்பைக் கிளப்பியதும் கடகடவென்று ஆட்டம், கரும்புகை நேராக அதன் மூக்கில். துரை காதை மடக்கிக்கொண்டு பலகையை உதைத்தது.

"போதும்டி, பெட்ரோலே எடுத்துருவோம்" என்றார் இவர். பெட்ரோல் என்றால் ஊருக்கு மூட்டை கட்டுவது என்றுதான் அர்த்தம்.

அதற்குள் துரை உள்ளே இப்படியும் அப்படியும் நகர்ந்தது. மரத்துக்குச் செய்த டிரெய்லர், நல்ல அகலம். மெல்லத் திரும்பி, புகைக்கு வாலைக் காட்டிக்கொண்டு நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் புல்லை நீட்டினேன், தின்றது.

"அவன் திரிஞ்ஞு நின்னோட்டே அண்ணாச்சி. எந்தா குழப்பம்?" என்றார் வறீது.

"குழப்பமா? அது தெளிவாத்தானே நிக்குது!" என்றார் என் வீட்டுக்காரர். திரும்பியே நிற்கட்டும், அதில் என்ன தொந்தரவு என்றுதான் வறீது கேட்டார்; யாருக்கும் இதை விளக்க எனக்குத் தெம்பில்லை.

அப்படித்தான் டீசல் முடிவாயிற்று. ஆலுவாய்க் கல்யாணத்தில் துரை ஒரு நொண்டல் இல்லாமல் நடந்தது. சேட்டு அதன் நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டு, தன் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கும் அங்கேயே சொல்லிவைத்தார். வேறு எதையும் அவர் தடவிப் பார்க்கவில்லை.

திரும்பும்போது இடப்பள்ளியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வறீதும் என் வீட்டுக்காரரும் முன்னால் உட்கார்ந்திருக்க, நான் இறங்கிப் பின்னால் போய்த் துரையின் முகத்தருகே நின்றேன். வழியெல்லாம் நாங்கள் போகிற சாலையைப் பார்த்துவர, அது மட்டும் விட்டுவந்த சாலையைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறது. குதிரையைக் கண்டதும் கேட்டில் நின்றவர்கள் கூடிவிட்டார்கள். குடையை ஊன்றிக்கொண்டிருந்த ஒருவர் பொதுவாகக் கேட்டார்: "வீடெவிடெயா?"

"மட்டாஞ்சேரி" என்றேன் நான்.

"சங்கரன்கோவில்" என்றார் அதே நேரத்தில் முன்னாலிருந்து என் வீட்டுக்காரர்.

கேட்டவர் வண்டியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் துரை புல்லை மென்றுகொண்டு நின்றது.