செவலை அசையலை

நாய்க்கும் பூனைக்கும் கேமரா விக்கிற கம்பெனியில் போன் எடுக்கிற வேலைன்னா, அதுங்க குரைக்கலைன்னாலும் அதுங்களை வளர்க்கிறவங்க குரைக்கிறதைக் கேட்டுக்கிற வேலை. தெரியாத நம்பர் அடிச்சாலே போனைக் குப்புறப் போட்டுடுற ஆளா நீங்க? அப்ப என் பாடு உங்களுக்குப் புரியும்.

எங்க கம்பெனி தஞ்சாவூரில் ஒரு உரக்கடைக்கு மேலே மாடியில் இருக்கு. வீட்டுப் பிராணி என்ன பண்ணுதுன்னு செல்போனில் காட்டுற கேமரா, அது எங்கே இருக்கு, அசையுதான்னு காட்டுற கழுத்துப் பெல்ட், இதெல்லாம் செய்றாங்க. நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன். ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வர்றேன். ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை பெத்த உடம்பு, நடவுக்குக் குனிஞ்சா நிமிர முடியலை. உட்கார்ந்து செய்ற வேலை எங்க பக்கத்தில் வேற எது கிடைக்கும்? ஆனா சேர்க்கும்போதே சார் கறாரா சொல்லிட்டார். பொங்கல் முடியறதுக்குள்ள என்மேல மூணு புகார் வந்தா வீட்டுக்குப் போயிடணும்.

தலையை ஆட்டினேன்

முதல் போன் திருவாரூர்லேருந்து. பூனைக்குக் கேமரா வாங்கின ஒருத்தர். படம் கறுப்பா தெரியுதுன்னார். கேமரா மேல ஒட்டின பேப்பரை உரிச்சீங்களான்னு கேட்கணும். அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும். ஆனா பயத்தில் கேட்கலை. அவர் சொன்னதுக்கெல்லாம் நான் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தேன். போனில் தலையாட்டினா அவருக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் அவர் கத்தினார்: "ஏம்மா, லைன்ல இருக்கியா, இல்ல நீயும் இந்தக் கேமரா மாதிரி கறுத்துப் போயிட்டியா?"

புகார் ஒண்ணு.

மாட்டுக்கு வந்த போன்

குத்தாலத்துக்காரர் ஒருத்தர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நாய்க்குன்னு நாங்க செஞ்ச கேமராவையும் பெல்ட்டையும் வாங்கி, அவர் வீட்டுப் பசுவோட கொட்டகையிலும் கழுத்திலும் மாட்டச் சொல்லிட்டார். பசு பேரு செவலை. கேமராவில் ஸ்பீக்கரும் உண்டு. அவர் தினமும் அங்கேயிருந்து, "செவலை, சாப்பிட்டியாடி?"ன்னு கேட்பார்.

ஒருநாள் அவர் சம்சாரம் செல்வி போன் பண்ணிச்சு. குரலைக் கேட்டதும் மாடு கொட்டகையைச் சுத்திச் சுத்தி ஆளைத் தேடுதாம். கத்துதாம். பால் கறக்க விடலையாம். ஸ்பீக்கரை நிறுத்த எந்தப் பட்டனை அமுக்கணும்னு கேட்டுச்சு. நானும் மெதுவா சொல்லிட்டேன். "அவருகிட்ட சொல்லிடாதீங்கக்கா"ன்னுச்சு.

மறுநாளே அவர் கூப்பிட்டார். "என் சத்தம் மாட்டுக்கு ஏன் கேக்கலை? சொல்லும்மா." உண்மையைச் சொன்னா அந்தப் பொண்ணுக்கு வம்பு. பொய் சொல்ல எனக்கு வராது. போனைக் காதில் வெச்சபடி உட்கார்ந்திருந்தேன். இந்தப் பொண்ணு வாயே திறக்கலைன்னு அவர் சார்கிட்ட சொல்லிட்டார். புகார் ரெண்டு.

இதைச் செல்விகிட்ட சொன்னப்ப அது வருத்தப்பட்டுச்சு. அப்புறம் சொல்லிச்சு: "தப்பா நினைக்காதீங்கக்கா. எங்கிட்ட வாரத்துக்கு ஒருக்காதான் பேசுறாரு, மாட்டுகிட்டதான் தினம் பேசுறாரு."

ஜெனிபர் அக்கா குடுத்த பயிற்சி

எனக்கு முன்னாடியே இங்க போன் எடுக்கிறவங்க ஜெனிபர் அக்கா. இனி ஒரு புகார் வந்தா நான் காலின்னு அவங்களுக்கும் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் அவங்களே கஸ்டமர் மாதிரி என்னைத் திட்டுவாங்க, நான் பதில் சொல்லணும். நான் வணக்கம் சொல்லி, சௌக்கியம் கேட்டு, விஷயத்துக்கு வர்றதுக்குள்ள திக்கித் திணறிப் போயிடுவேன்.

அக்கா டிபன் பாக்ஸை மூடிட்டுச் சொன்னாங்க: "சுத்தி வளைக்காத புள்ள. வாயைத் திறந்ததும் விஷயத்தைப் போட்டு உடைச்சுடு, மிச்சத்தை அவங்க பார்த்துப்பாங்க."

மாட்டுப் பொங்கல்

அன்னைக்கு எல்லாரும் லீவு. வேலை நிலைக்கணுமேன்னு நான் மட்டும் வர்றேன்னு ஒத்துக்கிட்டேன். விடியக்காலையில் எங்க வீட்டு மாட்டைக் குளிப்பாட்டி, பழைய கயிறை அறுத்துப் போட்டுப் புதுக் கயிறு கட்டிட்டுத்தான் பஸ் ஏறினேன். இதை ஞாபகம் வெச்சுக்குங்க. நான் வெச்சுக்கலை.

ஆபீஸில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரில் சிவப்பு எழுத்து: "செவலை – அசைவு இல்லை." பெல்ட் கொல்லையில் இருக்கிறதா காட்டுது. கேமராவைத் திறந்தேன், கொட்டகை காலி. மாடு கொல்லையில் விழுந்து கிடக்குதுன்னு முடிவே பண்ணிட்டேன். செல்விக்கு அடிச்சேன், அடிச்சேன், எடுக்கவே இல்லை. சொல்லாம விட்டு மாடு செத்துப்போனா அதுதான் மூணாவது புகார். சிங்கப்பூருக்குப் போட்டேன். அக்கா சொன்னது ஞாபகம் வந்துச்சு. வணக்கம்கூட சொல்லலை.

"சார், செவலை அசையலை."

அந்தப் பக்கம் "ஐயோ"ன்னு ஒரு சத்தம். ஆம்பளை ஒருத்தர் அப்படி அழுது நான் கேட்டதில்லை. அப்புறம் லைன் கட்டாயிடுச்சு. அவர் தெருவில் பாதிப் பேருக்குப் போன் போட்டிருக்கார். மாட்டு டாக்டரை வண்டியில் ஏத்திக்கிட்டு ஒரு கூட்டமே கொல்லைக்கு ஓடியிருக்கு. அங்கே முருங்கை மரத்தில் பழைய கயிறோட கயிறா அந்தப் பெல்ட்டும் தொங்கிக்கிட்டிருந்துச்சு. செவலை அப்பதான் ஆத்தில் குளிச்சிட்டு, கழுத்தில் நெட்டி மாலையோட, செல்வி பின்னாடியே நடந்து வந்துச்சாம்.

செல்வி எனக்குப் போன் பண்ணி சிரிச்ச சிரிப்பு இன்னும் காதில் இருக்கு: "ஏக்கா, நீங்க எந்த ஊருக்கா? மாட்டுப் பொங்கலன்னிக்கு எந்த மாட்டுக் கழுத்திலக்கா பழசு கிடக்கும்?"

மூணாவது

லீவு முடிஞ்சு போனப்ப ஜெனிபர் அக்காகூட என் முகத்தைப் பார்க்கலை. சார் என்னை உள்ளே கூப்பிட்டார். சிங்கப்பூர்க்காரர் லைனில் இருந்தார், ஸ்பீக்கர் போட்டிருந்துச்சு. மதியம் எந்த பஸ் இருக்குன்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிடுச்சு. "உங்க புகாரைச் சொல்லுங்க சார்"னு எங்க சார் பேனாவை எடுத்தார்.

அவர் சொன்னார்: "அந்தப் பொண்ணு பேசலைன்னு புகார் குடுத்தவனே நான்தாங்க. அதை வாபஸ் வாங்கிக்கிறேன், இனிமே தயவுசெஞ்சு பேச மட்டும் சொல்லிடாதீங்க!"

பேசாததுக்கு ஒரு திட்டு, பேசினதுக்கு ஒரு திட்டுன்னு வாங்கி, இப்ப கஸ்டமருக்குத் தமிழில் மெசேஜ் மட்டும் டைப் பண்ணிப் போடுறவளா, வாயில்லா ஜீவனுக்குப் பொருள் விக்கிற கம்பெனியில் வாயைத் திறக்கக் கூடாதுங்கிற ஒரே கண்டிஷனோட எனக்கு வேலை நிலைச்சிருக்கு.