போகாத செல்வி

ராட்டர்டாமில் ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் அவருடைய அம்மாவுக்கும் மைத்துனருக்கும்கூடக் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்கிறார்கள். பத்து வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. போன வருடம், என் பள்ளித்தோழி நூர்ஜஹான் ஒரு நாவல் எழுதியிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டு மாரைகேயிடம் சொன்னேன். "கெஃபெலிசிதேர்த்", வாழ்த்துகள், என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எழுதியது நான் இல்லை என்றேன். "தெரியும். உன் தோழிதானே, உனக்கும் சந்தோஷம்தானே?" என்றாள். சந்தோஷம் இல்லை என்று சொல்கிற அளவுக்கு எனக்கு டச்சு வரும். ஆனாலும் சொல்லவில்லை.

நாவல் என்னைப் பற்றியது. சரியாகச் சொன்னால், ஊரைவிட்டுப் போகாத என்னைப் பற்றியது. விசா வந்த பிறகும் விமானம் ஏறாமல் திருவொற்றியூரிலேயே தங்கிவிடுகிற ஒரு செல்வி. எண்ணூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கும்மிடிப்பூண்டி ரயிலில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைக் காசிமேட்டுக்கு அழைத்துப் போய் மீன் வாங்குகிறாள். என்னைக் கேட்டுத்தான் நூர் என் பெயரை வைத்தாள். விளையாட்டாகச் சரி என்றிருந்தேன்.

அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. தண்டையார்பேட்டையிலிருந்து நூர் வாரம் இரண்டு முறை வந்து நாவலை அவளுக்கு வாசித்துக் காட்டுவாள். ஒருநாள் நான் போன் செய்தபோது அம்மா, "இர்றி, நூரு பட்ச்சினுகீறா. செல்விய பொண்ணு பாக்க வந்துகீறாங்கோ. அப்பால பேசு" என்று வைத்துவிட்டாள். என்னைப் பெண் பார்க்க யாரும் வந்ததில்லை. இல்லாத ஒருத்தியின் மேல் அன்று முழுக்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

தை மாதம் விடுமுறையில் போனேன். அம்மா கட்டிலில் சாய்ந்திருக்க, நூர் வாசித்தாள். அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிகிற அத்தியாயம் அது. செல்வி ஆட்டோ பிடிக்கிறாள், ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் தலை வாரிவிடுகிறாள், அவள் வலியில் திட்டுவதையெல்லாம் வாங்கிக்கொள்கிறாள். நிஜமாகவே அம்மா விழுந்தபோது நான் போன் திரையில் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். இத்தனையும் செய்தவள் நூர். செய்ததையெல்லாம் என் பெயரில் எழுதிவிட்டிருந்தாள்.

சமையலறையில் கேட்டேன். "நீ பண்ணத எதுக்குடி என் பேர்ல எழுதின?"

"நீ இங்க இருந்திருந்தா நீதான இட்டுனு போயிருப்ப? அதான் எழுதினேன்."

நன்றி சொல்லியிருக்க வேண்டிய இடம். நானோ, "எங்கம்மா உன்னத் தேடுதா, அவளத் தேடுதா?" என்று கேட்டேன்.

"அவளத்தான்." நூர் டீயை வடிகட்டினாள். "எனக்கே பேஜாரா கீது செல்வி. உள்ள வந்தா, செல்விக்கு இன்னா ஆச்சின்னுதான் மொதல்ல கேக்குது. நான் எப்டி கீறேன்னு கேக்கவே கேக்காது."

அவளுக்கும் பொறாமைதான் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. டீ ஆறுவதற்குள் அந்த ஆறுதல் போய்விட்டது. அவள் அடுத்த வாரமும் வருவாள். நான் வரமாட்டேன்.

கிளம்புகிற அன்று அம்மா என் கன்னத்தைத் தடவிப் பார்த்து ஈரத்தைக் கண்டுகொண்டாள். "இன்னாத்துக்கு அழுவுற? நீ போய்ட்டு வா. செல்வி கீறா இல்ல, அவ பாத்துக்குவா."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறினேன். திறந்திருந்த ஜன்னல் வழியாக நூரின் குரல் கேட்டது. அவள் வாசித்த பக்கத்தில் செல்வி வேலை முடிந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தாள்.