சுமித்திராவின் காந்தக்கல்

சதீஸின் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். அதுதான் அவருக்கு நான் செய்த கடைசி வேலை. அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் நம்பாமல் விடலாம். ஆனால் நடந்தது. இரவில்கூட இல்லை, பட்டப்பகலில், துணுக்காயில், எங்கள் அறைக்குள்.

நான் அவருடைய இரண்டாம் மனைவி. முதல் மனைவி சுமித்திரா தையல்காரி. கடைசி யுத்தத்தில் செல் குண்டு விழுந்து செத்துப்போனாள். அதே செல்லின் துண்டொன்று அவருடைய நெஞ்சில், எடுக்க முடியாத இடத்தில் தங்கிவிட்டது. இடம்பெயருமுன் அவள் தன் தையல் மெசினை வீட்டு வளவில் புதைத்திருந்தாள். சென்ற வருடம் மலசலகூடத்துக்குக் கிடங்கு வெட்டியபோது அது வெளிப்பட்டது. மெசின் துருவாய் உதிர்ந்தது. கூடக் கிடந்த கறுப்புக் கல் மட்டும் அப்படியே இருந்தது. அவள் வாய்க்காலில் பொறுக்கிய காந்தக்கல். நிலத்தில் சிந்தும் ஊசிகளை அதைக் கொண்டுதான் எடுப்பாளாம்.

அவர் அதைக் கழுவித் தலைமாட்டு யன்னலில் வைத்தார்.

"இது என்னத்துக்கு இஞ்சை?"

"கிடக்கட்டுமே. கல்லுதானே."

"கல்லெண்டா வெளியில வையுங்கோவன்."

"கல்லோடயும் எரிச்சலோ உமக்கு?" என்று சிரித்தார்.

எரிச்சல்தான். அன்றிலிருந்து அவர் யன்னல் பக்கம் திரும்பியே படுத்தார். நெஞ்சுக்குள் ஏதோ இழுக்கிறது என்றார்.

"நோகுதோ?"

"இல்லை..." என்றார். சுகமாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டு உறங்கினார். பொத்தானைத் தைத்து முடித்து நூலை அறுத்தேன். கல்லைத் தூக்கிக்கொண்டுபோய், யன்னலுக்கு நேரே பின்வளவில் இருந்த பாழ்கிணற்றில் போட்டேன்.

தொளுக்...

வந்து அவருக்குப் பக்கத்தில் படுத்தேன். இனி இந்தப் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன்.

டிக்... டிக்...

ஊசிப் பெட்டிக்குள் சத்தம். திறந்தேன். ஊசிகள் எல்லாம் ஒரே மூலையில், கிணற்றுப் பக்கம் நெருக்கியடித்து நின்றன.

என் தாலிக்கொடியில் கொழுவியிருந்த ஊக்கு மெல்ல எழும்பியது. கொடி கழுத்தை இறுக்கியது.

"இஞ்சாருங்கோ..."

முதுகு அசையவில்லை.

தொட்டேன்.

குளிர்...

பிரேத பரிசோதனை செய்த டொக்டர், மாரடைப்பு என்றார். நெஞ்சில் இருந்த செல் துண்டைப் பற்றிக் கேட்டேன்.

"எந்தத் துண்டு, அம்மா? பழைய தழும்பு மட்டும்தான் இருக்கு. உள்ளுக்க ஒண்டுமில்லை."

எட்டுச்செலவுச் சடங்கு முடிந்ததும், மனம் கேளாமல் கிணற்றை இறைப்பித்தேன். அவருடைய தம்பி ரூபன்தான் இறங்கிக் கல்லை எடுத்தான்.

"அண்ணி, இதில என்னவோ ஒட்டிக் கிடக்கு."

சுண்டுவிரல் நகமளவு இரும்புத் துண்டு. தண்ணீருக்குள் கிடந்தும் துருவில்லை.

குறட்டால் இழுத்துப் பார்த்தேன். நேற்றும் இழுத்தேன்.

கல் இன்னும் விடவில்லை.