சேமக்காலைச் சம்மனசு முகம் திருப்பிய கதை

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருஷமாக மனதுக்குள் இழுபட்டிருக்கிறேன். மூன்று தரம் மகளின் பழைய கொப்பியில் தொடங்கினேன். மூன்று தரமும் தாளைக் கிழித்து அடுப்புக்குள் வைத்தேன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எழுத்துப் பிழை வரும் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரியது வெட்கம். செய்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொல்லி, அவர் தந்த செபங்களையும் சொல்லி முடித்துவிட்டேன். ஆண்டவர் மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன். ஆனால் ஊர் வாயில் ஏறிப்போன பொய் மன்னிப்புக் கிடைத்ததும் இறங்கி வீட்டுக்கு வந்துவிடாது. அதை ஏற்றிவிட்டவளே வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. ஆகையால் எழுதுகிறேன்.

எங்கள் பங்குச் சேமக்காலை, செத்தவர்களைப் புதைக்கிற இடம், கடலேரியைப் பார்த்த வெளியில் இருக்கிறது. வாசலால் உள்ளே போனால் வலக்கைப் பக்கம், மூன்றாவது வரிசையில், ஒரு கல்லறைக்கு மேல் சீமெந்துச் சம்மனசு ஒன்று, வானதூதர் சுரூபம், நிற்கும். பெரிய உருவமில்லை, என் தோளளவு உயரம். முதுகில் சிறகாக இரண்டு செட்டை, ஒரு கை நெஞ்சில், மற்றக் கையில் பூமுடி. அது என் அக்காவின் கல்லறை. மூளைக்காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டா. அவ பெற்ற பிள்ளைக்கு, இப்போது நான் மகள் என்கிறவளுக்கு, அப்போது மூன்று வயது. அக்காவின் புருஷன், என் அத்தான், கோயில் சுரூபங்கள் செய்கிற மேசன் ஒருவரைப் பிடித்து, தங்கள் கலியாணப் படத்தைக் கையில் கொடுத்து, சம்மனசின் முகம் இவளுடையது போல வரவேண்டும் என்று சொன்னார். மேசன் கைதேர்ந்தவர். அக்காவின் மேலுதட்டு வளைவைக்கூட விடவில்லை. அதை நிறுத்திய அன்று என் அம்மா அதன் முழங்காலைக் கட்டிப்பிடித்து அழுதா. பத்தொன்பது வயதில் நானும் பக்கத்தில் நின்று அழுதேன். அந்த அழுகையில் கள்ளமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஒரு வருஷம் முடிந்து திவசப் பூசையும் ஆனபிறகு பெரியவர்கள் கூடிக் கதைத்தார்கள். பிள்ளைக்குத் தாய் வேணும், பிறத்தியாள் வந்தால் பார்ப்பாளோ என்றார்கள். தமக்கை போன வீட்டுக்குத் தங்கையைக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியம்தான். எனக்கு விருப்பமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். கடமைக்காக ஓமென்றவளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. எனக்கு அத்தானில் விருப்பமிருந்தது. அதுதான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் வேர்.

கிழமை நாளில் விடியப் பூசையோடு எங்களுக்குக் கைப்பிடித்து வைத்தார்கள். அக்காவின் வெள்ளைச் சேலையைத்தான் உடுத்தேன். சட்டையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தார்கள். படம் எடுக்கவில்லை. துக்க வீட்டுக் கலியாணத்துக்குப் படம் எதற்கு என்று யாரோ சொன்னார்கள், அதுவும் சரிதான். அடுத்த நாளிலிருந்து அக்கா வைத்த இடத்திலேயே உப்புப் போத்தல், அக்கா கட்டிய கொடியிலேயே என் உடுப்பு. அத்தான் ஒரு நாளும் ஒப்பிட்டுக் கதைத்தவரில்லை. என்னை மரியாதையாக ‘நீர்’ என்பார். அக்காவை ‘எடியே’ என்று கிணற்றடி வரை கேட்கக் கூப்பிட்டவர். என் கறியைச் சாப்பிட்டுவிட்டு ‘நல்லாயிருக்கு’ என்பார். அக்காவின் கறியைத் திட்டித் திட்டி இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டவர். அந்தத் திட்டுக்காக நான் எத்தனை நாள் ஏங்கினேன் என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும். ஒரு நாள் வேண்டுமென்றே உப்பைக் கூடப் போட்டேன். பேசாமல் தண்ணீர் குடித்துவிட்டு எழும்பிப் போனார்.

சங்கக்கடை வேலை முடிந்து பின்னேரம் சைக்கிளில் வருகிறவர் நேரே வீட்டுக்கு வரமாட்டார். சேமக்காலைக்குள் போய், கல்லறைக்குப் பக்கத்திலிருக்கிற சீமெந்துக் கட்டின்மேல் பத்து நிமிஷம் குந்தியிருந்து, மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவார். நான் தேத்தண்ணி ஊற்றி மூடி வைத்திருப்பேன். பத்து நிமிஷத்தில் தேத்தண்ணி பெரிதாக ஆறாது. எனக்கு ஆறினது போல இருக்கும். செத்தவளோடு சண்டை பிடிக்க வழியில்லை. அவளுக்கு நரைக்காது, அவளுக்குக் குரல் உயராது, அவள் ஒரு நாளும் உப்பைக் கூடப் போடமாட்டாள். கடைசியில் நான் செய்தது, சுவருக்கு வெள்ளை அடிக்கிற சாட்டில் அவர்களுடைய கலியாணப் படத்தைக் கழற்றி, அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்ததுதான். திரும்ப மாட்டவில்லை. வெறும் ஆணியை அத்தான் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

சம்மனசை நிறுத்தி நாலு வருஷமாகியிருந்தது. கார்த்திகையில் ஆத்துமாக்களின் திருநாள் வரும். அதற்கு முதல் கிழமை வீட்டுக்கு வீடு பெண்கள் தும்புத்தடியும் சுண்ணாம்பு வாளியுமாகப் போய்ச் சொந்தக் கல்லறைகளைத் துப்புரவாக்கி வெள்ளை அடிப்போம். அன்று நான் சம்மனசுக்கு அடித்துக்கொண்டு வந்து முகத்துக்குப் பிரஷை உயர்த்தினேன். அப்போதுதான் கண்டேன். அந்த முகம் நேராக இல்லை. சற்று வலப்பக்கம் திரும்பி, நாடியைக் கொஞ்சம் இறக்கி, சிரிக்க எடுத்தது போல இருந்தது. வலப்பக்கத்தில்தான் அத்தான் குந்துகிற கட்டு. நாலு வருஷமாக அவ அவரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறா.

ஏன் அப்படி என்று எனக்கு அந்த நிமிஷமே விளங்கியது. கலியாணப் படத்தில் அக்கா கமராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நிற்கிற அத்தானைப் பார்க்கிறா. மேசன் படத்தில் கண்டதை அப்படியே பிடித்திருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். அது தெரிந்துகொண்டுதான் நான் பொய் சொன்னேன். தெரியாமல் சொன்னேன் என்று யாரும் எனக்காகச் சொல்லவேண்டாம்.

அடுத்த கல்லறையில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமி நிமிர்ந்து பார்த்தா.

“என்ன பிள்ளை, முகம் வெளிறிப்போச்சு?”

“மாமி, அக்கா முந்தி நேரைதானே பாத்துக்கொண்டு நிண்டவ? இப்ப பாருங்கோ, திரும்பியிருக்கு.”

மாமி எழும்பி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தா. பார்க்கப் பார்க்க அவவின் கண் பெருத்தது. “ஓமடி பிள்ளை. போன வருஷம் நான் திரி கொளுத்தேக்கை நேரைதான் நிண்டது. எனக்கு வடிவா ஞாபகம்.”

என் எண்ணம் சின்னது. மாமி பயந்துபோய் இதை அத்தானிடம் சொல்லுவா, அவரும் கொஞ்சம் பயந்து பின்னேரப் போக்கைக் குறைப்பார். அந்தப் பத்து நிமிஷம் எனக்குக் கிடைத்தால் போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னமே கதை கோயில் வாசலில் நின்றது. ஒருவர் செட்டை அசைந்ததைக் கண்டாராம். இன்னொருவர் மத்தியான வெயிலில் காற்சங்கிலிச் சத்தம் கேட்டவராம். அக்கா காற்சங்கிலி போட்டதேயில்லை. கள்ளுக் குடித்துவிட்டு வாய்க்காலுக்குள் சைக்கிளோடு விழுந்த ஒருவர், சம்மனசு தன்னைப் பிடித்துத் தள்ளியது என்றார். “நீர் விழாத நாள் எது, சம்மனசுக்கு வேறை வேலையில்லையோ” என்று அவருடைய மனுசி எல்லாருக்கும் முன்னால் கேட்டா. அப்போது சிரித்த சனமும் சேமக்காலை மதிலைக் கடக்கையில் சிலுவை போட்டுக்கொண்டுதான் போனது.

அத்தானுக்கு மாமி வேலிக்கு மேலால் சொன்னா. நான் அடுப்படிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் நான் அந்த வீட்டுக்கு வந்தபிறகு காணாத ஒரு வெளிச்சம். “என்னைத்தான் பாக்கிறாள்” என்றார். “இவ்வளவு நாளும் நான் கவனிக்கேல்லை.” அன்றிலிருந்து பத்து நிமிஷம் ஒரு மணித்தியாலம் ஆகியது. நான் அவருக்குப் பயம் கொடுக்கப் பார்த்தேன். அவர் அதைப் பரிசு மாதிரி வாங்கிக்கொண்டார்.

சனம் விடுமா? ஏன் திரும்பினா என்று காரணம் தேடியது. தங்கச்சி வந்து தன் சேலையை உடுத்து, தன் அடுப்பில் சமைக்கிறாள், அந்தக் கோபத்தில் திரும்பினா என்று முடித்தார்கள். அந்த வருஷம் ஒரு வீட்டில் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அதையும் சம்மனசின் கணக்கில் போட்டார்கள். பிள்ளைத்தாச்சிப் பெண்கள் அந்த வழியால் போகக்கூடாது என்றார்கள். அடுத்த ஆத்துமாக்கள் திருநாளுக்கு எங்கள் வரிசைக் கல்லறைகளுக்கு ஒருவரும் வரவில்லை. என் பொய்யால் வேறு யாருடைய தாய் தகப்பனோ திரியில்லாமல் கிடந்தார்கள். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வளவு வேம்புக்குக் கீழே கூட்டம் வைத்தார்கள். கோயில் காரியம் பார்க்கிற மூப்பர் எழும்பினார். “சுவாமி, ஆரையும் நோகடிக்கிறதுக்குச் சொல்லேல்லை. சனம் பயப்பிடுது. உந்தச் சம்மனசை எடுத்துப்போட்டு அந்த இடத்திலை ஒரு குருசு வைப்பம்.” எல்லாரும் தலையாட்டினார்கள். சுவாமி அத்தானைப் பார்த்தார். கூட்டத்தில் எழும்பிக் கதைக்கிற மனுசன் அல்ல அவர். முகம் துடைக்கிற லேஞ்சியைக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னார்: “நான் என்ரை கையாலை எடுக்கமாட்டன். நீங்கள் எடுத்தால் மறிக்கவும் மாட்டன். ஊருக்குத் தீங்கு எண்டால் அவளும் நிக்க விரும்பமாட்டாள்.” சொல்லிவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்தார்.

நான் பெண்கள் பக்கம் கதிரையில் இருந்தேன். நான் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. பேசாமல் இருந்தால் போதும். இரண்டு நாளில் அந்த முகம் உடைந்து கிடக்கும், அவருக்குப் போய்ப் பார்க்க ஒன்றுமிருக்காது. இத்தனை நாள் செபமாலையை உருட்டி உருட்டி வாய்விட்டுக் கேட்கப் பயந்த காரியம் தன்பாட்டில் கைக்குள் வந்திருந்தது. மகள் மடியில் சாய்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. என் காதுக்குள் கேட்டாள்: “சின்னம்மா, அம்மா உங்களோடை கோவமெண்டுதானே உடைக்கப் போகினம்? நான் அம்மாட்டைச் சொல்லிவிடட்டே, நீங்கள் நல்ல ஆளெண்டு?”

மகளைக் கதிரையில் இருத்திவிட்டு எழும்பினேன். வீடு கோயிலுக்குப் பின்னால் போகிற சின்ன ஒழுங்கைப் பாதையில். சேலைகளுக்குக் கீழே கிடந்த படத்தை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து சுவாமியின் கையில் கொடுத்தேன். “சம்மனசு திரும்பேல்லை, சுவாமி. செய்தண்டைக்கே முகம் உப்பிடித்தான். இந்தப் படத்தைப் பாத்து மேசன் செய்தது. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் மாமிக்குப் பொய் சொன்னனான். அக்காவிலை எனக்கு எரிச்சல்.”

படம் கைக்குக் கை போனது. முந்தி நேராக நின்றதைத் தானும் கண்டதாகச் சொல்லித் திரிந்த மூப்பர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “அப்ப நான் நேரை கண்டதெண்டது?” சுவாமி கேட்டார்: “மூப்பர், அண்டைக்குக் கண்ணாடி போட்டிருந்தனீங்களோ?” சிலர் சிரித்தார்கள். மாமி மட்டும் அசையவில்லை. பக்கத்தில் இருந்தவவிடம் சொன்னது எனக்குக் கேட்டது: “பாவம் பிள்ளை. தமக்கையைக் காப்பாத்தத் தன்ரை தலையிலை போடுறாள்.” இன்றைக்கும் மாமி அதைத்தான் சொல்லுகிறா. நான் சொன்ன பொய்யை ஒரு நொடியில் நம்பியவ, உண்மையை இன்னும் நம்பவில்லை. ஆனால் சம்மனசை எடுக்கவேண்டாம் என்று சுவாமி முடிவு சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு அத்தான் என் பக்கத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார், மகள் முன்பாரில் இருந்தாள். ஒழுங்கை முடக்கில் சைக்கிளைத் திருப்பினார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “போகவேண்டாம் எண்டு ஒருக்கா என்னட்டைக் கேட்டிருக்கலாமே.”

“கேட்டிருந்தால் விட்டிருப்பியளோ?”

“தெரியாது. ஆனா நீர் கேட்டிருக்கலாம்.”

ஓம், விட்டிருப்பேன் என்று ஒரு சொல் சொல்லி என்னை ஆற்றியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை. அது வலித்தது. ஆனாலும் அன்றுதான் முதல் தரம் அவர் என்னோடு மரியாதைக்காக அல்லாமல் மனதிலிருந்து கதைத்தார் என்று எனக்குப் பட்டது. படத்தை நானே பழைய ஆணியில் மாட்டினேன். இப்போது அவர் சனிக்கிழமைகளில் மட்டும் போகிறார். நான் கேட்டேன், குறைத்தார்.

கதை மட்டும் குறையவில்லை. இப்போது பெடியள் மோட்டார் சைக்கிளில் வந்து மதிலுக்கு வெளியே நின்று போனில் படம் பிடிக்கிறார்கள். போன மாதம் கனடாவிலிருந்து சொந்தக்காரி ஒருத்தி போன் எடுத்து, எங்கள் ஊரில் ஒரு சம்மனசு இரத்தக் கண்ணீர் விடுகிறதாம், அந்த ஆளின் இரண்டாம் பெண்சாதி அதைக் கண்டு விசராகிக் கிணற்றில் விழுந்தவளாம், உண்மையோ என்று கேட்டாள். அவளுக்கு நான் அந்த வீட்டில் இருக்கிறேன் என்பதே மறந்துபோயிருந்தது. “அடுப்பிலை சோறு கொதிக்குது, நான்தான் அந்தப் பெண்சாதி” என்றேன். அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை.

ஆகையால் வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை யாருக்கும் சொல்லுவதானால் இப்படியே சொல்லுங்கள். கண்ணீரையும் காற்சங்கிலியையும் சேர்க்கவேண்டாம். என்னைக் கிணற்றில் தள்ளவேண்டாம். கடைசியில் மனம் திருந்தி அக்காவில் அன்பானாள் என்று எழுதி என்னை நல்லவளாக்கவும் வேண்டாம். சனிக்கிழமைப் பின்னேரங்களில் எனக்கு இப்பவும் நெஞ்சு எரிகிறது, ஞாயிற்றுப் பூசையில் அதைச் சொல்லித்தான் மன்றாடுகிறேன். சீமெந்து திரும்பவில்லை. ஒருத்தி பொறாமையில் பொய் சொன்னாள், அவள் நான். இதில் ஒரு சொல்லைக் கூட்டினாலும், ஒரு சொல்லைக் குறைத்தாலும், அக்கா திரும்பவும் பேயாகிவிடுவா.