குறி மாறாத நூற்றைம்பது

அலுவலகத்தில் அவளுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். வைத்தவர் கட்டடப் படம் வரைபவர். அலுவலகம் என்றால் இரண்டு அறை. முன்னறையில் அவர்கள் இருவரும், உள்ளறையில் அவளுடைய அண்ணன். கட்டடத்தின் எலும்புக்கூட்டைக் கணினியில் அவள் கட்டுவாள். அண்ணன் சரிபார்த்து, உரிமம் பெற்ற பொறியாளராகக் கையெழுத்துப் போடுவார். இருபத்திரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

கணினிக்குத் தூணும் பீமும் வெறும் கோடுகள். தூணின் நடுவில் ஒரு புள்ளி. பீம் அங்கே வந்து சேர்வதாக அது எடுத்துக்கொள்ளும். நிஜத்தில் பீம் சில இடங்களில் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்காரும். எவ்வளவு ஒதுங்கல் என்று எண்ணாகவும், எந்தப் பக்கம் என்று அதன் முன் கூட்டல் கழித்தல் குறியாகவும் கொடுக்க வேண்டும். அதுதான் ஆஃப்செட். பலர் சோம்பல்பட்டு விட்டுவிடுவார்கள். அவள் விடமாட்டாள்.

"பத்து சென்டிமீட்டருக்கா இவ்வளவு பாடு?" என்பார் படம் வரைபவர்.

"உங்க கால் பத்து சென்டிமீட்டர் தள்ளி முளைச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

மாணவியர் விடுதி வேலை ஒன்று வந்தது. ஐந்து மாடி. இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இரண்டு தொகுதிகள். தூண்கள் வெளியே துருத்தி நிற்க, ஓரத்துப் பீம்கள் அவற்றின் உள்முகத்தை ஒட்டி ஓடும். ஆஃப்செட் நூற்றைம்பது மில்லிமீட்டர், உள்பக்கமாக. இடத்தொகுதியை முடித்திருந்தாள். அந்த வாரம் அவள் கணவருக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடிக்கணினியில் இடத்தொகுதியைத் திருப்பிப் பிரதியெடுத்து வலத்தொகுதி ஆக்கினாள். எப்போதும் கோடுகளுக்குச் சதை போட்டு, முழு உருவத்தில் ஒருமுறை சுற்றிப் பார்ப்பாள். அன்று அதற்குள் டாக்டர் கூப்பிட்டார். மூடி வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்பதாம் நாள் கணவர் இறந்தார். விடுதியின் கணக்கு கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. அவள் செய்தது என்பதால் அண்ணன் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார்.

நான்கு வருஷம் கழித்து, வலத்தொகுதியின் மாடியில் இன்னொரு தண்ணீர்த் தொட்டி வைக்கலாமா என்று விடுதியிலிருந்து கேட்டார்கள். பழைய கோப்பைத் திறந்தாள். சதை போட்டுப் பார்த்தாள். இடப்பக்கம் பீம்கள் உள்ளே இருந்தன. வலப்பக்கம் வெளியே இருந்தன. கட்டியதில் இரண்டு பக்கமும் உள்ளேதான். எல்லாம் திரும்பியிருந்தது, நூற்றைம்பதின் முன்னிருந்த குறி மட்டும் திரும்பவில்லை. அறைகளின் பாரம் தூணை உள்பக்கம் வளைக்கிறது. உள்ளே ஒதுங்கிய பீம் அதோடு சேர்ந்து வளைக்கும். கணினியோ பீம் வெளியே இருப்பதாக நம்பி, கூட்ட வேண்டியதைக் கழித்திருந்தது. கீழ்த்தளத்தில் எட்டுத் தூண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கம்பி குறைவு. இன்றைக்கு நிற்கும். பூமி கொஞ்சம் அசைந்தால் நிற்காது. உள்ளே நூற்றுப் பதினாறு பெண்கள்.

தொட்டி வேண்டாம் என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடலாம். யாரும் கேட்கமாட்டார்கள். அதையும் அவள் யோசித்தாள். சொன்னால் அண்ணனின் உரிமம் போகும். அதைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் இல்லை. கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. மத்தியானம் வரை சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் இருந்துவிட்டு, மடிக்கணினியோடு உள்ளறைக்குப் போனாள்.

அவர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எப்ப போட்டது இது?"

சொன்னாள்.

"அவர் ஆஸ்பத்திரில இருந்தப்பவா?"

"ஆமாண்ணா."

அண்ணன் விடுதிக்குப் போன் செய்தார். இரண்டு நாளில் வலத்தொகுதி காலியானது. பெண்கள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டே இறங்கினார்கள். எட்டுத் தூண்களையும் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போட ஆரம்பித்தார்கள்.

பொறியாளர் வாரியத்துக்கு அவர் எழுதிய கடிதத்தின் நகலை அவள் மறுவாரம்தான் பார்த்தாள். கணக்கைச் செய்ததும் சரிபார்த்ததும் நானே என்று எழுதியிருந்தார்.

"பொய் எழுதியிருக்கே."

"கையெழுத்துப் போட்டவன் பாத்திருக்கணும். பாக்கல. இதுல என்னடி பொய்?"

"செஞ்சது நானு."

"உனக்கு வேற எடத்துல வேலை கிடைக்கணும். எனக்கு வயசாச்சு, விடு."

"அப்ப என் தப்புகூட எனக்குக் கிடையாதா?"

"போய் வேலையைப் பாரு. படம் வரையறவர் காதை நீட்டிட்டு உக்காந்திருக்கார்."

முன்னறையில் பென்சில் ஒன்று கீழே விழும் சத்தம் கேட்டது.

உரிமத்தை ரத்து செய்து உத்தரவு வந்தது. அலுவலகப் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். படம் வரைபவர் மருமகனின் கடையில் போய் உட்கார்ந்தார். அவளுக்கு இன்னும் வேலை அமையவில்லை. அண்ணன் தினமும் பத்து மணிக்கு, அலுவலகம் போவதுபோலவே சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, அவள் வீட்டுக்கு வந்து பேப்பர் படிப்பார்.

ஒரு நாள் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வாரிய அலுவலகத்துக்குப் போனாள். மூன்றாம் மாடி. உண்மையை எழுதி, பழைய கோப்பின் அச்சுப் பிரதியோடு ஓர் உறையில் போட்டு எடுத்துப் போயிருந்தாள். குமாஸ்தா முதல் பக்கத்தை மட்டும் படித்தார்.

"ஃபைல் முடிஞ்சு போச்சும்மா."

"செஞ்சது நான். அவர் இல்ல."

"ஒத்துக்கிட்டவர் ஒருத்தர் இருக்காரே. ரெண்டாவது ஆளு எதுக்கு? இதை எடுத்தா உங்க அண்ணன் பொய் சொன்னாருன்னு அவர் மேல இன்னொரு கேஸ் வரும். பரவாயில்லையா?"

அவள் காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். படியில் யாரோ வழி கேட்டார்கள். சொன்னாள்.

வீட்டில் அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"கடைக்கா போனே?"

"ம்."

"பை எங்க?"

அவள் செருப்பைக் கழற்றினாள். அவள் கையில் இருந்த உறையையும் அதன்மேல் எழுதியிருந்த வாரியத்தின் பெயரையும் அவர் பார்த்தார். எழுந்து சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, கழுவி வைத்திருந்த தம்ளர்களை மறுபடி கழுவ ஆரம்பித்தார்.