அலகு ஏறாத கன்னம்

அம்மனை நம்பியிருக்கிற எல்லோருக்கும் வணக்கம். போன வருஷம் என் கீழ்த்தாடையே போயிருக்கும். போகவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தெமோதரைப் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இன்று பதுளை பஜாரில் இரண்டு கடை என் பெயரில் நிற்கிறது. யார் தயவும் இல்லை. அப்பாவுக்கு இருந்த எலும்பு நோய் எனக்கும் வந்தது. லேசாக விழுந்தாலும் முறியும். ஐந்து முறை கால் முறிந்தும் எழுந்து நடந்தவன் நான். அதே நோயால் பல்லும் பழுப்பேறித் தேய்ந்துவிட்டது. கேட்பவர்களிடம் வெற்றிலைக் கறை என்பேன். நான் வெற்றிலையே போடுவதில்லை.

போன மாசியில் கடைவாய்ப் பல் ஈறு வீங்கியது. கிராம்பு வைத்தேன், கேட்கவில்லை. கஞ்சிகூட இறங்கவில்லை. "தாயே, வலியை எடு. திருவிழாவில் அலகு குத்துகிறேன்" என்று நேர்ந்தேன். வலி கூடத்தான் செய்தது. ஆனாலும் சொன்ன சொல் மாறுவேனா? திருவிழா அன்று மஞ்சள் வேட்டியோடு போய் நின்றேன்.

பூசாரி கன்னத்தில் திருநீறு தேய்த்தார். கை நின்றுவிட்டது.

"என்னா மொதலாளி, கன்னம் கல்லாட்டம் இருக்கு? நெருப்பா சுடுதே!"

"பன்னெண்டு வருஷமா குத்துறவன்யா நான். நீ குத்து."

"மாட்டேன். ஆத்தா உத்தரவு இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ஊரே பார்த்தது. தாயும் கைவிட்டாள் என்று அழுதேன்.

மறுநாள் என் மனைவி லெட்சுமி பல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா, "வேற வியாதி ஏதும் இருக்குங்களா ஐயா?" என்றார்.

"ஒண்ணுமில்ல. இரும்பு மாதிரி இருக்கேன்."

அவர் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார்.

"இரும்பாம் இரும்பு!" என்றாள் லெட்சுமி. "நம்பாதீங்க டாக்டரம்மா. பலமா தும்முனாலே இவருக்கு வெலா எலும்பு முறியும். அதுக்கு வருஷா வருஷம் ஊசி போடுறாரு."

குறடு கீழே போனது.

"நல்லவேளை சொன்னீங்கம்மா. அழுத்தி இழுத்திருந்தா தாடை முறிஞ்சிருக்கலாம். அந்த ஊசி போட்டவங்களுக்குப் பல் புடுங்குன புண்ணு ஆறாம எலும்பு அழுகியும் போகலாம்."

எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். எலும்பு டாக்டரிடம் கேட்டார்கள். சீழ் வற்ற மருந்து கொடுத்து, பிறகு பல்லை மூன்று துண்டாக வெட்டி, இழுக்காமல் எடுத்தார்கள். புண் மெதுவாக ஆறியது. தாடை முழுசாக இருக்கிறது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வலியை எடு என்றுதான் கேட்டேன். தாய் முதலில் பூசாரி கையை நிறுத்தினாள். பிறகு என் பொய்யை நிறுத்தினாள்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டுகிறேன். உட்காரும் முன்பே நோயைச் சொல்லிவிடுகிறேன். என்னளவு ஒழுங்கு ஊவா மாகாணத்திலேயே எவனுக்கும் கிடையாது. இதே எலும்போடு பிறந்த என் மகளும் கூட வருகிறாள். பழுப்புப் பல் தெரியக் கூடாதென்று கையால் வாயை மூடியே சிரித்த பிள்ளை அவள்.

இந்த வருஷம் பால்குடம் எடுத்தேன். பூசாரி கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "இப்ப குத்தலாமா மொதலாளி?" என்றார். மகள் சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை.

நேர்ந்துகொள்ளுங்கள், தாய் கேட்பாள். டாக்டரிடம் மட்டும் நோயை மறைக்காதீர்கள்.